இளநீர் நல்லதுதானே என்று சொன்னது தவறா?

வாசகர் கேள்வி – பதில்

நீண்டகால நோயாளிகளும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் சேர்ந்திருக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் எதைச் சொல்லலாம், எப்படிச் சொல்லலாம் என்று கேட்டு வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பதில் சொல்பவள் மருத்துவர் அல்லள். 14 ஆண்டுகளாக மூட்டுகள் வீங்கி வலிக்கும் முடக்குவாதத்தோடு வாழ்பவள். அத்தகைய குழு ஒன்றை வேறு மூவரோடு சேர்ந்து நடத்துபவள். மருந்துகளின் பெயர்கள் இங்கே வருவது அவற்றைப் பற்றிப் பேசும் முறையை விளக்குவதற்காக மட்டுமே.

*

கேள்வி: என் கணவருக்குச் சிறுநீரகத்தில் கல் வந்து, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்த அளவான கிரியேட்டினினும் சற்றே ஏறியிருந்தது. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், இளநீரும் குடிக்கலாம் என்று மருத்துவரே சொன்னார். நாங்கள் இருக்கும் சிறுநீரக நோயாளிகள் குழுவில் ஒருவர், வெயில் தாங்காமல் உடம்பு சோர்ந்துபோகிறது என்று எழுதியிருந்தார். தினம் ஓர் இளநீர் குடியுங்கள் என்று நல்லெண்ணத்தில் பதில் எழுதினேன். குழுவை நடத்துபவர் அதை அழித்துவிட்டு, "தெரியாத விஷயத்தில் யாரும் ஆலோசனை சொல்ல வேண்டாம்" என்று எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட்டார். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இளநீர் நல்லதுதானே? – வாசகி, கும்பகோணம்

பதில்: சகோதரி, மருத்துவர் உங்கள் கணவருக்குச் சொன்னதில் பிழை இருக்காது. உங்கள் நல்லெண்ணத்திலும் பிழை இல்லை. ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவருக்கு எடுத்துக் கொடுத்த இடத்தில்தான் பிழை நேர்ந்தது.

'சிறுநீரக நோயாளிகள்' என்ற பெயரின் கீழ் ஒரே குழுவில் எத்தனை வகையானவர்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கல் மட்டும் வந்து போனவர், நீரிழிவால் சிறுநீரகம் மெல்ல மெல்லப் பழுதுபட்டுக்கொண்டிருப்பவர், வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் நாற்காலியில் நான்கு மணி நேரம் உட்காருபவர், மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர் என்று எல்லோரும் ஒரே பந்தியில் அமர்ந்திருக்கிறார்கள். ஆனால் இலைக்கு இலை பரிமாற வேண்டியது வேறு. கல் வந்தவருக்கு நிறையத் தண்ணீர் மருந்து. டயாலிசிஸில் இருப்பவருக்கோ, வெளியேறும் சிறுநீரின் அளவோடு அரை லிட்டர் சேர்த்து அவ்வளவுதான் ஒரு நாளுக்கு என்று பல மருத்துவமனைகளில் கணக்குப் போட்டுக் கொடுக்கிறார்கள். அதற்கு மேல் குடிக்கும் தண்ணீர் காலில் வீக்கமாகவும் நெஞ்சில் மூச்சுத் திணறலாகவும் தங்கிவிடுகிறது.

இளநீரின் சிக்கல் தண்ணீரோடு முடிவதில்லை. 100 மில்லி இளநீரில் ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. முழுக் காய் ஒன்றைக் குடித்தால் அரை கிராமுக்கு மேல் உள்ளே போகிறது. நல்ல சிறுநீரகம் மிகுதியை வெளியேற்றிவிடும். பழுதுபட்ட சிறுநீரகத்தால் அது முடியாது. அடுத்த டயாலிசிஸ் வரை பொட்டாசியம் இரத்தத்திலேயே நிற்கும். இரத்தத்தில் 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டிய அந்த அளவு ஆறரை, ஏழு என்று ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். கை கால் தளர்ச்சி, சோர்வு ஆகியவையும் அந்த ஏற்றத்தின் அறிகுறிகளாக இருக்கலாம் என்பதால், அந்த மனிதர் எழுதிய சோர்வுக்குக் காரணமே அதுவாக இருந்திருக்கவும் கூடும். வெயிலால் வந்த சோர்வா, பொட்டாசியத்தால் வந்த சோர்வா என்பதை அவருடைய இரத்தப் பரிசோதனைதான் சொல்லும். உங்களாலோ என்னாலோ சொல்ல முடியாது. வயிற்றுப்போக்கால் பொட்டாசியம் குறைந்துபோன ஒருவருக்கு இதே இளநீரை மருத்துவரே குடிக்கச் சொல்வதும் உண்டு.

நீங்கள் எப்படி எழுதியிருக்கலாம்? "என் கணவருக்குக் கல் இருந்தது, டயாலிசிஸ் இல்லை. அவருக்கு இளநீர் குடிக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருந்தால், அது ஆலோசனை என்ற இடத்திலிருந்து இறங்கி அனுபவம் என்ற இடத்துக்கு வந்திருக்கும். 'குடியுங்கள்' என்ற ஒரு சொல்லை 'குடித்தார்' என்று மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதி, யார் குடித்தார், அவருக்கு என்ன நோய், எந்த நிலை என்பதைச் சேர்த்துச் சொல்வது.

இனி அந்த நிர்வாகியைப் பற்றி. அழித்ததில் அவருக்கு நியாயம் உண்டு. அழித்த விதத்தில் இல்லை. அழிப்பது அடுப்பை அணைப்பது போன்றது. ஏற்கெனவே சாப்பிட்டவர் வயிற்றில் இருப்பதை அது வெளியே எடுக்காது. உங்கள் பதிவை அதற்குள் பலர் படித்திருப்பார்கள். அவர்களில் டயாலிசிஸ் நோயாளிகளும் இருப்பார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது 'இளநீரில் பொட்டாசியம் அதிகம், ஆகவே டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்' என்ற ஒரு வரிக் காரணம். அதைப் பொதுவிலும், உங்களிடம் சொல்ல வேண்டியதைத் தனியாகவும் சொல்லியிருந்தால் பத்துப் பேர் புதிதாக ஒன்றைத் தெரிந்துகொண்டிருப்பார்கள், நீங்களும் இரண்டு நாள் பட்டினி கிடந்திருக்க மாட்டீர்கள். எங்கள் குழுவில் நாங்களும் இந்தத் தவற்றைச் செய்துதான் கற்றுக்கொண்டோம். கண்டிக்கப்பட்டவர் குழுவை விட்டுப் போவதோடு நிற்பதில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தங்கள் சந்தேகங்களைக் கேட்பதையும் நிறுத்திவிடுகிறார்கள். தெரியாததைக் கேட்க வெட்கப்படும் நோயாளிதான் குழுவுக்குப் பெரிய இழப்பு.

*

கேள்வி: எனக்கு முடக்குவாதம் கட்டுக்குள் வந்துவிட்டது. மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று என் மருந்துச் சீட்டைப் படமெடுத்துக் குழுவில் போட்டேன். போடக்கூடாது என்கிறார்கள். குணம் தந்த மருந்தை மறைத்து வைப்பது தன்னலம் அல்லவா? – வாசகர், மதுரை

பதில்: ஐயா, உங்களுக்கும் எனக்கும் ஒரே நோய், அநேகமாக ஒரே மருந்து. ஆகவே நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குழுவில் நான் எடுத்துக்கொள்ளும் மருந்துகளைப் பட்டியலாக எழுதினேன். 'மீத்தோட்ரெக்ஸேட் 15 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் 5 மில்லிகிராம்' என்று எழுதியவள், மீத்தோட்ரெக்ஸேட்டை வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மட்டும்தான் எடுக்க வேண்டும் என்பதை எழுத மறந்துபோனேன். எனக்கு அது சுவாசம் போலப் பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இரவு, சாப்பாட்டுக்குப் பிறகு, அவ்வளவுதான். புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண், தன் சீட்டிலும் அதே மருந்து இருப்பதைக் கண்டு, நான் தினமும் சாப்பிடுவதாக எண்ணிக்கொண்டு தானும் இரண்டு நாள் அடுத்தடுத்துப் போட்டுவிட்டாள். மூன்றாம் நாள் வாயெல்லாம் எரிகிறது, இது உங்களுக்கும் இருந்ததா என்று கேட்டு எழுதியதால் தப்பித்தாள். அன்றே மருத்துவரிடம் ஓடினாள். வாரத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய இந்த மருந்தைத் தினமும் எடுத்து, வெள்ளணுக்கள் வீழ்ந்து இறந்துபோனவர்கள் உலகின் பல நாடுகளில் இருக்கிறார்கள். என்னுடைய பட்டியலில் பொய் ஒன்றும் இல்லை. ஒரு சொல் குறைந்திருந்தது.

மருந்துச் சீட்டு என்பது ஒருவரின் எடை, வயது, ஈரல் பரிசோதனை, உடன் சாப்பிடும் மற்ற மருந்துகள், பெண்ணாக இருந்தால் கருத்தரிக்கும் எண்ணம் உண்டா இல்லையா என்பதையெல்லாம் எதிரில் வைத்துக்கொண்டு எழுதப்பட்டது. மீத்தோட்ரெக்ஸேட் கருவைச் சிதைக்கக்கூடியது. அந்தக் கேள்வியைக் கேட்காமல் இளம்பெண் ஒருத்திக்கு மருத்துவர் அதை எழுதுவதில்லை. உங்கள் படம் எதையும் கேட்பதில்லை. அத்துடன் அதில் உங்கள் பெயர், வயது, கைபேசி எண், மருத்துவமனைப் பதிவு எண், மருத்துவரின் பதிவு எண் எல்லாம் இருக்கின்றன. உங்கள் விவரத்தைக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு என்று வைத்துக்கொண்டாலும், மருத்துவருடைய கையெழுத்தை நூறு பேருக்குப் பொது ஆலோசனையாக மாற்ற அவர் சம்மதித்தாரா?

மறைத்து வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். எத்தனை மாதத்தில் கைவிரல் வீக்கம் வடிந்தது, முதல் வாரங்களில் குமட்டல் எப்படி இருந்தது, எத்தனை வாரத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனைக்குப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். புதிய நோயாளிக்கு அளவைவிட இவைதான் பயன்படும். அளவையும் சொல்லத்தான் வேண்டும் என்றால், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை எண்ணில் எழுதாமல் எழுத்தில் எழுதுங்கள்.

*

கேள்வி: நான் கனடாவில் இருக்கிறேன். எங்கள் ஊர்க்காரர்களின் நீரிழிவுக் குழுவில், காலையில் சர்க்கரை 9 இருந்தது, கவலையாக இருக்கிறது என்று எழுதினேன். திருநெல்வேலியிலிருந்து ஒரு பெரியம்மா, உடனே சர்க்கரையை வாயில் போடு, மயங்கி விழுந்துவிடாதே என்று அலறி அழைத்துவிட்டார். சிரிப்பதா அழுவதா? – வாசகி, டொராண்டோ

பதில்: முதலில் அந்தப் பெரியம்மாவுக்கு நன்றி சொல்லுங்கள். பிறகு, நீங்கள் ஒரு மொழியில் எழுதினீர்கள், அவர் வேறு மொழியில் படித்தார் என்பதைக் குழுவுக்குச் சொல்லுங்கள். இந்தியாவில் சர்க்கரையை மில்லிகிராம் கணக்கில் சொல்கிறோம். கனடாவிலும் பிரிட்டனிலும் மில்லிமோல் கணக்கில் சொல்கிறார்கள். நம்மூர்க் கணக்கில் 9 என்றால் மயங்கி விழும் அளவுக்குத் தாழ்வு, அதனால்தான் அவர் பதறினார். உங்கள் எண்ணைப் பதினெட்டால் பெருக்கினால் நம்மூர் எண் வரும். ஆகவே உங்கள் 9 இங்கே 162. வெறும் வயிற்றில் அது அதிகம், சர்க்கரையை வாயில் போடுவதற்கு நேர் எதிரான நிலை. கிரியேட்டினினில் இந்தக் குழப்பம் இன்னும் பெரியது. அங்கே 106 என்று வருவது இங்கே 1.2 மட்டுமே. எட்டு, பத்து என்ற எண்களுக்கே டயாலிசிஸ் என்று கேட்டுப் பழகிய ஒருவர் 106 என்று படித்தால் என்ன நினைப்பார்? பிரிட்டனில் உள்ளவர்கள் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியை 53 என்று எழுதுவார்கள். அது நம்முடைய 7 சதவீதம்.

எல்லை கடந்த குழுக்களில் எண்ணை மட்டும் எழுதுவது, முகவரி இல்லாத கடிதத்தைத் தபாலில் போடுவதற்குச் சமம். அலகு, வெறும் வயிற்றிலா சாப்பிட்ட பிறகா, எந்தத் தேதி ஆகிய மூன்றும் கூடவே போக வேண்டும்.

*

கேள்வி: ஐந்து தலைமுறையாக எங்கள் வீட்டில் நாட்டு மருந்து தெரியும். சிறுநீரக நோயாளிகள் குழுவில் ஒரு மூலிகைக் கஷாயத்தைச் சொன்னேன். என் மகனே அதைத் தவறு என்கிறான். ஆங்கில மருந்தை மட்டும்தான் பேச வேண்டும் என்பது நம் மருத்துவத்தை இழிவுபடுத்துவது அல்லவா? – வாசகர், நாகர்கோவில்

பதில்: ஐயா, நாட்டு மருந்தின் பெயரை எடுத்தாலே கேலிப் படம் போடுகிறவர்கள் பல குழுக்களில் இருக்கிறார்கள். அது அநாகரிகம், அப்படிச் செய்பவர்கள் யாரையும் திருத்தியதில்லை, நோயாளி தான் சாப்பிடும் கஷாயத்தை மருத்துவரிடமிருந்து மறைக்கும்படி செய்ததுதான் மிச்சம். மறைக்கப்பட்ட கஷாயம்தான் ஆபத்தான கஷாயம். இதில் நான் உங்கள் பக்கம்.

ஆனால் உங்கள் மகன் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில், உடல் இளைப்பதற்காக ஒரு மருத்துவமனை கொடுத்த சீன மூலிகை கலந்த மாத்திரைகளைச் சாப்பிட்ட பெண்களுக்கு அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்தது. 1993இல் மருத்துவ இதழில் வெளியான இந்தச் செய்தி, பின்னர் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் கதையாக நீண்டது. விசாரித்துப் பார்த்தபோது, ஒரு மூலிகைக்குப் பதிலாக ஏறத்தாழ அதே பெயருள்ள இன்னொரு மூலிகை சேர்ந்துவிட்டிருந்தது. அந்த இரண்டாவது மூலிகையில் அரிஸ்டோலோகிக் அமிலம் என்ற நஞ்சு இருந்தது. அது சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்குவது. இதை நாம் தூர தேசத்துக் கதை என்று தள்ள முடியாது, ஏனெனில் நம் வேலியோரங்களில் உள்ள ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே குடும்பத்துச் செடிகள்தாம். அவற்றை எந்த நோய்க்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்று அறிந்து கொடுக்கிற சித்த மருத்துவர் எதிரில் இருக்கும் நோயாளியின் நாடியைப் பார்த்துக் கொடுக்கிறார். வாட்ஸ்அப்பில் யாருக்கும் நாடி இல்லை. மேலும், ஒரு மாவட்டத்தில் ஒரு பெயரால் அழைக்கப்படும் செடி அடுத்த மாவட்டத்தில் வேறொன்றாக இருப்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யார்?

ஆகவே கஷாயத்தைப் பற்றிச் சொல்லும்போது செடியின் எல்லாப் பெயர்களையும், எந்தப் பாகம் என்பதையும், அதை உங்களுக்குக் கொடுத்தவர் பதிவு பெற்ற சித்த மருத்துவரா, வீட்டு வழக்கமா என்பதையும் சொல்லிவிடுங்கள். சிறுநீரகம் பழுதானவர்கள் குழுவில் இதைச் சொல்லாமல் இருப்பதே இன்னும் மேல் என்பது என் கருத்து. பெயரில்லாத பொட்டலச் சூரணத்தை, மூட்டுவலி இரண்டே நாளில் போய்விடும் என்று சொல்லி யாராவது விற்க வந்தால், அதில் வீக்கத்தை வேகமாக அடக்கும் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கக்கூடும் என்ற எச்சரிக்கையைச் சொல்வதும் மரியாதையின் ஒரு பகுதிதான். நீரிழிவு உள்ளிட்ட பல நோய்களைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. குழுவுக்குள் வந்து விற்பவர் அதை அறியாதவராக நடிப்பார்.

எந்த மருத்துவ முறையைச் சேர்ந்தவராக இருந்தாலும் ஒரு வாக்கியத்தை மட்டும் எழுதவே கூடாது: 'முதலில் அந்த மாத்திரைகளை நிறுத்துங்கள்.' பல வாரம் ஸ்டீராய்டு சாப்பிட்டவர் அதைத் திடீரென்று நிறுத்தினால், உடம்பு அதே வகைச் சுரப்பைத் தானாகச் சுரக்க மறந்துபோன நிலையில் இரத்த அழுத்தம் சரிந்து விழக்கூடும். உடம்பில் இன்சுலின் சுரக்காத முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்து. இந்த ஒரு வாக்கியத்துக்காக எங்கள் குழுவிலிருந்து ஆட்களை நீக்கியிருக்கிறோம். வேறு எதற்காகவும் முதல் தடவையிலேயே நீக்கியதில்லை.

*

கேள்வி: என் ஒன்பது வயது மகளுக்கு முதல் வகை நீரிழிவு. தாய்மார் குழு ஒன்றில், அவள் தானே இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் படத்தைப் பெருமையோடு போட்டேன். அதே குழுவில் இருக்கும் உறவினர் ஒருவர் அதை எங்கள் குடும்பக் குழுவில் போட்டுவிட்டார். மாமியார், "நாளைக்கு இவளுக்கு எவன் வருவான்" என்று அழுகிறார். யாரை நோவது? – வாசகி, சேலம்

பதில்: அந்த உறவினரைத்தான். நோயாளிக் குழுவில் சொல்லப்படுவது அந்தக் குழுவுக்காகச் சொல்லப்படுவது. அதே வேதனை தெரிந்தவர்கள் என்ற நம்பிக்கையில் ஒருவர் வாய் திறக்கிறார். அதை வெளியே கொண்டுபோவதற்கு, அது மகிழ்ச்சியான செய்தியாக இருந்தாலும், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். 'பெருமையான விஷயம்தானே, அதனால்தான் போட்டேன்' என்று உறவினர் சொல்வார். பெருமை யாருடையது என்று அவரிடம் கேளுங்கள்.

சட்டம் இங்கே அதிகம் உதவாது. 2023இல் வந்த எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம் சொந்தத் தேவைக்காகவோ வீட்டுத் தேவைக்காகவோ தகவலைக் கையாள்வதைத் தன் வரம்புக்குள் கொண்டுவரவில்லை. எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களின் நிலையை அவர்கள் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் உறுதியாகச் சொல்வதைப் போல மற்றப் பெரும்பாலான நோய்களுக்குச் சொல்லப்படவில்லை. குடும்பக் குழுவில் படம் போட்ட உறவினரின் மேல் வழக்குப் போட முடியாது. அவரிடம் முகம் கொடுத்துப் பேசத்தான் முடியும். பேசுங்கள், படத்தை நீக்கச் சொல்லுங்கள். நீக்கியதை நீங்களே பாருங்கள்.

கடிந்துகொள்வதாக எண்ணாதீர்கள், உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் படத்தைப் போடலாமா என்று மகளிடம் கேட்டீர்களா? ஒன்பது வயதுக்குத் தன் ஊசியைத் தானே போடத் தெரிந்தவளுக்கு, வேண்டாம் என்று சொல்லவும் தெரியும். குழந்தையின் நோய் தாயின் வாழ்க்கையை முழுவதும் நிறைத்துவிடுவதால், அது தன்னுடைய செய்தி என்றே தாய்க்குத் தோன்றிவிடுகிறது. ஆனால் பதினைந்து வயதில் பள்ளித் தோழி ஒருத்தி அந்தப் படத்தைக் காட்டிச் சிரிக்கும்போது அது மகளின் செய்தியாக இருக்கும். முகமும் சீருடையும் தெரியாமல், கையும் ஊசியும் மட்டும் தெரியும்படி எடுத்திருந்தால் மற்றத் தாய்மார்களுக்கு அதே தைரியம் கிடைத்திருக்கும்.

மாமியாருக்கு நான் பதில் சொல்வதைவிட, இன்சுலினோடு பிள்ளை பெற்று வேலைக்கும் போய்வரும் பெண் ஒருத்தியை வீட்டுக்கு ஒருநாள் காபிக்கு அழைப்பது நல்லது. உங்கள் குழுவிலேயே இருப்பார்கள்.

*

கேள்வி: செய்தித்தாளில் வந்த மருத்துவச் செய்தியைப் பகிர்வதிலுமா தவறு? – வாசகர், ஈரோடு

பதில்: பகிரலாம், தேதியோடு, முழுமையாக, படித்துவிட்டு. 2020 மார்ச் மாதத்தில் கொரோனாவுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் நல்லது என்ற செய்தி கைபேசிதோறும் பறந்தது நினைவிருக்கும். அது எங்களைப் போன்ற முடக்குவாத நோயாளிகளும், உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோயாளிகளும் ஆண்டுக்கணக்கில் தினமும் சாப்பிடும் மாத்திரை. நோய் இல்லாதவர்கள் வாங்கி அடுக்கிவைத்துக்கொண்டதில், நோய் உள்ளவர்கள் கடை கடையாக அலைந்தோம். அந்த மாதக் கடைசியில் அரசு அதன் விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது. எனக்குத் தெரிந்த ஒருவர், தன் மாத்திரை கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்த அதே வாரத்தில், அந்தச் செய்தியை மூன்று குழுக்களுக்கு அனுப்பியிருந்தார்.

*

கேள்வி: என் தம்பிக்குச் சிறுநீரகம் தேவைப்படுகிறது. குழுவில் இரத்த வகையைப் போட்டு, கொடையாளர் வேண்டும், செலவைப் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதினேன். சில நிமிடங்களில் அழித்துவிட்டார்கள். உயிர் போகும் நேரத்திலும் நாகரிகம் பார்ப்பார்களா? – வாசகி, திருச்சி

பதில்: அம்மா, உங்கள் பதற்றம் புரிகிறது. அவர்கள் அழித்தது உங்களைக் காப்பாற்றத்தான். உறுப்புகளை விலைக்கு வாங்குவதும் விற்பதும் அதற்காக விளம்பரம் செய்வதும் 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி குற்றம். 2011இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு அதற்கு ஐந்து முதல் பத்து ஆண்டு வரை சிறை. நீங்கள் 'செலவு' என்று எழுதியதை இரக்கத்தோடு படிப்பவர்கள் குழுவில் ஐம்பது பேர் இருந்தால், தரகர் ஒருவரும் படித்துக்கொண்டிருப்பார்; அவர் பொதுவில் பதில் எழுத மாட்டார், உங்களைத் தனியாக அழைப்பார், முன்பணம் கேட்பார். பெற்றோர், உடன்பிறந்தோர், மனைவி, வளர்ந்த பிள்ளைகள், தாத்தா பாட்டி ஆகிய நெருங்கிய உறவினர் கொடுக்கலாம். மற்றவர் அன்பினால் கொடுப்பதானால் சட்டப்படி அமைந்த அங்கீகாரக் குழுவின் ஒப்புதல் வேண்டும். மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளுக்கான அரசின் காத்திருப்புப் பட்டியலில் தம்பியின் பெயரைப் பதிவு செய்ய, சிகிச்சை பெறும் மருத்துவமனையின் ஒருங்கிணைப்பாளரை இன்றே பாருங்கள். குழுவில் கேட்க வேண்டியது அந்தப் பதிவு எப்படி நடக்கும், என்னென்ன பரிசோதனைகள் வரும் என்பவற்றை. அதற்குப் பத்துப் பேர் மனமுவந்து பதில் சொல்வார்கள்.

இரத்தம் கேட்டு எழுதுபவர்களுக்கும் இங்கேயே ஒரு வேண்டுகோள். தேதி, மருத்துவமனை, எந்த நேரம் வரை என்பதை எழுதுங்கள். கிடைத்தவுடன் 'கிடைத்துவிட்டது' என்று எழுதுங்கள். தேதியில்லாத அழைப்புகள் நோயாளி வீடு திரும்பி ஆண்டுகள் ஆன பிறகும் சுற்றிக்கொண்டிருக்கின்றன; அந்த எண்ணுக்குரியவர் இரவு பதினொரு மணிக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

*

கேள்வி: ஆறு மாதத்துக்கு முன் என் தாயார் கொடுத்த சிறுநீரகத்தால் நலமாக இருக்கிறேன். டயாலிசிஸ் நண்பர்கள் இருக்கும் பழைய குழுவில் இதையெல்லாம் எழுதினால் அவர்கள் மனம் நோகுமோ என்று பேசாமலே இருக்கிறேன். வெளியேறிவிடலாமா? – வாசகர், புதுச்சேரி

பதில்: வெளியேறாதீர்கள். குணமானவர்கள் எல்லோரும் சத்தமில்லாமல் போய்விடுவதால்தான் அந்தக் குழுக்களில் கெட்ட செய்தி மட்டும் மிஞ்சி, புதிதாக வருபவர் இந்த நோயில் யாருமே தேறுவதில்லை என்று நம்பிவிடுகிறார்.

எழுதும்போது முழுவதையும் எழுதுங்கள். தினம் வேளை தவறாமல் விழுங்கும் மாத்திரைகளையும், கூட்டத்தில் முகக்கவசம் போட்டுக்கொண்டு நிற்பதையும், தாயாரின் உடல்நிலையைப் பற்றிய கவலையையும் விட்டுவிட்டு, இப்போது சாப்பிட முடிகிற மாம்பழத் தட்டை மட்டும் படமெடுத்துப் போட்டால் அது நோகடிக்கும். 'நீங்களும் சீக்கிரம் செய்துகொள்ளுங்கள்' என்று முடிக்காதீர்கள். கொடுக்கத் தாயார் இல்லாதவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

எங்களுக்குத் தெரிந்த குழு ஒன்றில், மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்ட ஒருவர் மூன்று வாரம் தயங்கிவிட்டு, இன்று காலை அளந்து பார்க்காமல் தண்ணீர் குடித்தேன் என்று ஒரே ஒரு வரி எழுதினார். வெகுநேரம் யாரும் எதுவும் சொல்லவில்லை. பிறகு, டயாலிசிஸ் நாற்காலியில் இருந்தபடியே ஒருவர் கேட்டிருந்தார்: "எத்தனை டம்ளர்? பானைத் தண்ணீரா?"